முழங்கால் உயரத்துக்கு வைக்கோல்

மலையாள ஆட்சியிலிருந்து தமிழ் ஊர்களைப் பிரிக்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடாக இருந்த சமயம். காட்டாக்கடையில் பிரசவித்த என் தங்கையையும் பிள்ளையையும் பனச்சமூட்டுக்குக் கூட்டிவர, கூண்டு வைத்த மாட்டுவண்டி பிடித்தேன். குலுக்கம் தெரியக் கூடாதென்று முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, மேலே கம்பளி விரித்தேன்.

“இத்தற வைக்கோல் வேண்டாம்க்கா. அடியில ஆளு கெடக்கது போல இருக்கு” என்றார் வண்டிக்காரர். நான் கேட்கவில்லை.

வழியெல்லாம் கடைகள் அடைத்துக் கிடந்தன. ஒரு வளைவில் போலீஸார் வண்டியை மறித்தார்கள். போராட்டக்காரர்களைத் தேடுகிறார்களாம்.

“அடியில் ஆரா?” என்றார் ஒருவர், மலையாளத்தில்.

“ஆருமில்ல சாரே, வெறும் வைக்கோலாக்கும்” என்றேன்.

அவர் நம்பவில்லை. இறங்கச் சொன்னார். “பிள்ளை உறங்குது, கெடக்கட்டு” என்றேன் தங்கையிடம். நல்ல வேளை, அது பாலுக்கு அழுதது. அவள் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மறுகணம் துப்பாக்கி முனைக் கத்தி கம்பளிக்குள் இறங்கியது. இரண்டு முறை குத்திவிட்டுப் போகச் சொன்னார்கள்.

பிள்ளையின் தலை இருந்த இடத்தில் கம்பளி கிழிந்திருந்தது.

இப்போதெல்லாம் வண்டியில் ஒற்றைப் பாய்தான் விரிக்கிறேன், அடிப்பலகை வெளியே தெரியும்படி. முதுகு நோவுகிறது என்கிறாள் தங்கை. நோவட்டும்.