ஒரு கையெழுத்துக்கு எத்தனை கிலோ மட்டன்?

தொம்மலூரில் ஒரு ஐ.டி. ஆபீஸில் எனக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். காப்பர்-டியையும் மீறி மூன்றாவது தங்கியபோது, கலைத்துவிடலாம் என்றேன்.

"புருஷன் சைன் இல்லாம கலைச்சா போலீஸ் கேஸு. உன்னைத்தான் உள்ள வைப்பாங்க" என்றார் என் கணவர். நானும் நம்பிப் பயந்துவிட்டேன். சைன் போடச் சொன்னால், "பாவமா இல்லையான்னு யோசிக்கணும்ல?" என்பார். வெறும் வயிற்றில் அவருக்கு யோசனை வராது. மட்டன் குழம்பு, மீன் வறுவல் என்று ஒரு வாரம் ஆக்கிப்போட்டேன். பாவத்தைப் பற்றி யோசித்த மனிதர், வெள்ளிக்கிழமையும் மட்டன்தான் கேட்டார். நாட்கள் ஓட ஓட எனக்குத் திகில்.

ஒருவழியாக இஸ்திரி போட்ட சட்டையும் புதுப் பேனாவுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரம்மா ஃபாரத்தை எடுத்ததும் என் கணவர் பேனாவைத் திறந்தார்.

"உங்க சைன் எதுக்கு சார்? அவங்க மேஜர், அவங்க சம்மதம் போதும். சட்டமே அப்படித்தான். நீங்க வெளிய உக்காருங்க."

அவர் பேனாவை வாங்கித்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போதெல்லாம் எந்த ஃபாரமானாலும், யார் கையெழுத்து வேண்டும் என்று முதலில் நானே போய் விசாரிக்கிறேன். மட்டன் வாங்குவதெல்லாம் அப்புறம்தான்.

– செல்வி, பெங்களூரு