அந்தி சாய்ந்து ஊற்றிய தண்ணீர்

மாசியில் பிளம்ஸ் மரம் பூத்துவிட்டால் கொடைக்கானலில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு இல்லை. பனி போனதும் வாசல் பூந்தொட்டிகளை விரலால் சுண்டிப் பார்க்கிற நாள் அது. கணீரென்றால் முழுசு, மொத்தென்றால் விரிசல்.

கல்யாணமான மூன்றாம் வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகையில் என் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ஏரிப்பக்கத்துப் பள்ளத்தில் குவார்ட்டர்ஸ். பதினோரு மண்தொட்டிகளில் ஜெரேனியம் வைத்திருந்தார். எனக்குப் பள்ளிக்கூட ஹாஸ்டலில் தையல் வேலை கொடுத்து, அந்த வீட்டிலேயே இருக்கவும் விட்டார்கள். காரியம் முடிந்து உறவெல்லாம் மலையிறங்க, மாமனார் மட்டும் தங்கினார். மலையடிவாரத்தில் அய்யம்பாளையத்து விவசாயி. நான் வேலைக்குப் போகும்போதும் கம்பளிக்குள் கிடப்பார், இருட்டி வரும்போதும் கிடப்பார்.

மார்கழியில் ஒரு காலை, முதல் தொட்டி மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. தை பிறப்பதற்குள் ஏழு போயின. பனிக்காலத்தில் வெயில் ஏறிய பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் மண் உலர்ந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் உறைந்து தொட்டியைப் பிளந்துவிடும். மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் நல்ல வெயிலில்தான் தெளித்தேன். ஆனாலும் தினமும் விடிந்தால் மண் கல்லாக உறைந்து கிடந்தது.

செத்துப்போன என் கணவர்தான் வந்து ஊற்றுகிறார் என்று நம்பினேன். பைத்தியம்தான். பயமாக இருந்தது. பயத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது. வாசலில் கால்தடம் தேடினேன்.

ஒருநாள் ஹாஸ்டலில் சீக்கிரம் விட்டார்கள். வாசலில், அந்தி மூடுபனிக்குள் ஓர் உருவம் தொட்டி தொட்டியாகக் குனிந்து நிமிர்ந்தது. அதே முதுகு, அதே சரிந்த தோள். "என்னங்க" என்று கூப்பிட்டேவிட்டேன்.

திரும்பியது மாமனார். கையில் சொம்பு.

"என்ன தாயி, வெள்ளனே வந்துட்ட? அவன் வச்ச செடி, காய விடலாமா? பொழுது சாஞ்சு ஊத்துனாத்தான வேருல நிக்கும்." கீழே வயல்காட்டில் அது சரிதான். குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "அவனுக்குக் காய்ச்சல்னு கேட்டு வந்தப்ப, பெருமாள்மலையில பஸ்ஸு நின்னுபோச்சு. வெரசா வந்திருந்தா அவன் வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தியிருப்பேன்."

அதோடு நான் விட்டிருக்கலாம். அவர் என் கணவராக இல்லாமல் போனாரே என்ற ஆத்திரம் எனக்கு.

"நீங்க ஊத்துன தண்ணிதான் மாமா எல்லாத்தையும் கொன்னுச்சு."

சொம்பைக் கீழே வைத்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

மிச்சம் நாலு தொட்டியும் மாசியில் பூத்தன. வரச் சொல்லிக் கடிதம் போட்டேன். வரவில்லை. அதன்பின் ஆறு வருஷம் உயிரோடிருந்தார். கோடையில் தோட்டம் கருகினாலும், அந்தி சாய்ந்தபின் ஒரு செடிக்கும் தண்ணீர் விட விடமாட்டாராம்.