இரண்டாவது இலை

பேய், ஆவி என்று யாராவது கதையெடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் "உமக்கு இதிலெல்லாம் முந்தியே நம்பிக்கை இருந்திருக்கும்" என்றுதான் சொல்கிறார்கள். இருக்கவில்லை. எங்கள் ஊர்ச் சுடலை ஒழுங்கையால் பாட்டுப் பாடிக்கொண்டு தனியே சைக்கிளில் வந்தவன் நான். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இது நடந்தது கொழும்பில், கொட்டாஞ்சேனையில், பட்டப்பகலில், சனம் நிறைந்திருந்த ஒரு சைவச் சாப்பாட்டுக்கடையில்.

வெள்ளைக்காரன் காலம், உலகச் சண்டைக் காலம், அரிசிக்குக் கூப்பன். கலியாணத்துக்கு முந்தி நான் கொட்டாஞ்சேனையில் ஒரு புகையிலைக் கடையில் வேலை பார்த்தேன். கலியாணம் முடிந்ததும் சாவகச்சேரிக்கே திரும்பி, சொந்தமாகப் புகையிலை வாங்கி அனுப்பத் தொடங்கிவிட்டேன். ஆனாலும் வியாபார அலுவலாகக் கொழும்புக்கு வந்தால், கோட்டை ஸ்டேசனில் இறங்கியதும் என் கால் தானாகப் போகிற இடம் சிவக்கொழுந்தரின் கடைதான். பெயர்ப்பலகை கூட இல்லாத கடை, நாலைந்து மேசை, எந்நேரமும் ஈரம் காயாத சீமெந்துத் தரை. சிவக்கொழுந்தர் எங்கள் பக்கத்து மனிதர், வாசலில் இருந்தபடியே வருகிறவனின் முகத்தைப் பார்த்து, "உமக்கு இண்டைக்கு ரசம் மட்டும்தான், கண்ணைக் கண்ணாடியிலை பாரும்" என்பார். பரிமாறுகிற மாடசாமி திருநெல்வேலிப் பக்கம் பிறந்து கப்பலேறி வந்தவர், அவர் பேச்சுக்காகவே அங்கே சாப்பிடலாம். போதும் என்று இலையைக் கையால் மறைத்தால், "கைதானே வேணாங்குது, வயித்தைக் கேட்டீங்களா?" என்று இன்னோர் அகப்பை சோறு விழும்.

இந்த முறை நான் போய் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. குண்டு விழும் என்ற பயத்தில் பயணத்தைத் தள்ளிக்கொண்டே வந்தேன், அதோடு என் மனைவி பாக்கியம் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பேற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது என்று மருத்துவிச்சி சொன்ன தைரியத்தில், மாமியைத் துணைக்கு வைத்துவிட்டு முதல்நாள் பின்னேரம்தான் மெயில் வண்டி ஏறினேன்.

மத்தியானம் கடைக்குள் நுழைகிறேன். இவ்வளவு காலம் கழித்து வருகிறேன், மனிதர் எழும்பி "எங்கையடாப்பா ஒளிச்சிருந்தனீர்" என்று சத்தம் போடப்போகிறார் என்று சிரித்துக்கொண்டே போகிறேன், சிவக்கொழுந்தர் தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். மூலை மேசையில் போய் இருந்தேன். மாடசாமி வந்தார், பகிடி ஒன்றும் இல்லை, இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார். பிறகு எனக்கு எதிரே, ஆளில்லாத பக்கத்தில், இன்னோர் இலை போட்டு அதற்கும் தண்ணீர் தெளித்தார். யாரோ வரப்போகிறார்களாக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்த இலைக்குத்தான் முதலில் சோறு வைத்தார், பருப்பு விட்டார், ஓரத்தில் வாழைப்பூ வறை வைத்தார், அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஆருக்கு மாடசாமி அது?"

"அம்மாவுக்குத்தாங்கய்யா."

"எந்த அம்மா?"

அகப்பை அந்தரத்தில் நின்றது. "உங்க சம்சாரத்துக்குங்கய்யா. நீங்கதானே தினமும் வைக்கச் சொல்றீங்க. வாழைப்பூன்னா அவங்களுக்கு உசிருன்னு சொன்னீங்களே, இன்னிக்குத்தான் சந்தையில கிடைச்சுது."

எனக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான். "பகிடிக்கும் ஒரு அளவிருக்கு, மாடசாமி" என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது.

சிவக்கொழுந்தர் எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார். "ஆறுதலா இரும் தம்பி. நேற்றும் இதிலை இருந்துதானே அழுதனீர். பிள்ளைப்பேறிலை போறது ஆரின்ர பிழையும் இல்லை."

நேற்று! நேற்று மத்தியானம் பாக்கியம் கையால் சாப்பிட்டவன் நான். "என்ர மனுசி உயிரோடை இருக்கிறா!" என்று கத்திவிட்டேன். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. என்னை உலுக்கியது அந்தப் பார்வைதான். ஒருவராவது அதிசயப்படவில்லை, எல்லோர் முகத்திலும் ஒரே இரக்கம். நான் முன்பின் கண்டிராத ஒரு கிளாக்கர், பக்கத்து மேசைக்காரரிடம், "பாவம், மனுசனுக்கு இண்டைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று குசுகுசுத்தார். அவள் இருக்கிறாள் என்று நான் சொல்லச் சொல்ல, அந்தக் கடைக்குள் அவள் இன்னும் இன்னும் செத்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் போல முகமுள்ள எவனோ ஏமாற்றிச் சாப்பிடுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம், நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். ஆனால் வாழைப்பூ? அது மசக்கையில் வந்த ஆசை. எனக்கும் மாமிக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

சோற்றைத் தொடவில்லை. போக வேண்டிய கடைகள் ஒன்றுக்கும் போகவில்லை. தந்தி அடிக்கலாமா என்று யோசித்தேன், ஆனால் எங்கள் ஊரில் தந்திக்காரனைக் கண்டாலே பிரிக்க முந்தி ஒப்பாரி வைத்துவிடுவார்கள், அந்தப் பயமே அவளை ஏதும் செய்துவிட்டால்? கோட்டை ஸ்டேசனில் பின்னேரம் வரை நின்று, பட்டாளத்துக்காரரோடு இடிபட்டு மெயிலில் ஏறினேன். வண்டி நின்ற ஒவ்வொரு ஸ்டேசனிலும் இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. பாக்கியம் சாகவில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும். சாகப்போகிறாளா என்பதுதான் தெரியாது.

காலையில் சாவகச்சேரியில் இறங்கி வீட்டு ஒழுங்கையால் ஓடுகிறேன், வாசல் படலையில் மாமி தலைவிரிகோலமாக நிற்கிறா. "என்ர பிள்ளை, உன்னை ஆர் கூப்பிட்டது? கடவுளே அனுப்பினவர்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. இரவே வலி தொடங்கியிருக்கிறது, ஒரு மாதம் முந்தி. மருத்துவிச்சி வெளியே வந்து, "இது என்ர கையை மீறிப்போச்சு தம்பி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றா. பெற்றோல் கிடையாத காலம். கார் வைத்திருந்த சின்னையாவின் வாசலில் போய் விழுந்தேன், அவர் தன் மகளின் கலியாணத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த பெற்றோலை அப்படியே எடுத்து ஊற்றினார். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தோம். மத்தியானம் மகள் பிறந்தாள். தாயும் பிழைத்தாள். வெளியே வந்த டாக்டர் என் தோளைத் தட்டி, "கொஞ்சம் பிந்தியிருந்தாலும் தப்பியிராது" என்றார்.

பாக்கியத்துக்கு நான் எதையும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

சண்டை முடிந்து, மகள் நடக்கத் தொடங்கிய பிறகு இருவரையும் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கடைக்கு இவளை உயிரோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். வாசலில் வைத்தே, "மாடசாமி, இவதான் என்ர மனுசி" என்றேன். மாடசாமி அவளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், சந்தோசமாகக் கையைக் கூப்பினார்.

"நல்லதுங்கய்யா. ரெண்டாந்தாரமா?"

பாக்கியத்தின் முகம் போன போக்கைப் பார்த்து, "முதலும் கடைசியும் இவதான்" என்று சிரித்துச் சமாளித்தேன். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போன இடத்தில் மாடசாமி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு நீங்க ஓடிட்டீங்க. மறுநாள் மத்தியானமும் வந்தீங்க. நான் ரெண்டாவது இலையைப் போடப் போனேன், ஒண்ணு போதும்னீங்க. வயிறாரச் சாப்பிட்டீங்க. அப்புறம் இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

மறுநாள் மத்தியானம் நான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றேன்.

காலிமுகத்திடலில் கடற்காற்றுக்குப் பிள்ளையை ஓடவிட்டுவிட்டு இருந்தபோது, பாக்கியம் விடவில்லை. "ரெண்டாந்தாரம் எண்டு ஏன் கேட்டவர்? இஞ்ச ஆரையும் வைச்சிருந்தனீங்களோ?" என்று பிடித்துக்கொண்டாள். வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கடலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப முதல் வந்தது நீங்களில்லையோ?"

"எப்ப?"

"அண்டைக்கு, விடியப்புறம். அம்மா வெந்நீர் எடுக்கக் குசினிக்குப் போட்டா. நீங்கள் வந்து என்ர கால்மாட்டிலை இருந்தனீங்கள். கூப்பிட்டன், கதைக்கேல்லை. பிறகு என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு, இந்தமுறை பிந்தமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போனீங்கள். கார் கொண்டுவரத்தான் போறியளாக்கும் எண்டு நான் நினைச்சன்."

அந்த நேரம் என் வண்டி கிளிநொச்சியைக் கூடத் தாண்டியிருக்காது.

இதெல்லாம் நடந்து எத்தனையோ காலமாகிவிட்டது, அவளும் நானும் கிழடாகிவிட்டோம். ஆனால் இன்றைக்கும் நான் வெளியே போய் வந்து படலையைத் தட்டினால், பாக்கியம் உடனே திறப்பதில்லை. தென்னோலைக் கிடுகு இடுக்கால் என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்ப்பாள். பிறகுதான் "வந்திட்டியளோ" என்று கொழுவியை எடுப்பாள். யாரைத் தேடுகிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.