கல்லறைக்குள் போன ஆட்டுக்குட்டி

போன வருடம் குளிர்காலத்தில், சவூதியில் யான்புவைத் தாண்டி ஒரு மலையடிவாரத்தில் வேலி போடப் போயிருந்தோம். அங்கே கற்காலத்து மக்கள் கட்டிய கல்லறை ஒன்று இருக்கிறது; அதைச் சுற்றித்தான் வேலி. வட்டமாக அடுக்கிய கற்கள், பக்கவாட்டில் ஒரு சின்ன வாசல். மேலே இருந்த பலகைக்கல் சரியாமல் இருக்க உள்ளே மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு கல்லையும் தொடக் கூடாது என்பது அங்கிருந்த தொல்லியல் துறை அதிகாரி அம்மாவின் உத்தரவு.

வேலி முடிவதற்குள் ஓர் ஆட்டுக்குட்டி உள்ளே புகுந்துவிட்டது. வெளியே வரத் தெரியாமல் அந்தக் கட்டையைச் சுற்றித் துள்ளியது. ஆட்டுக்காரப் பெரியவர் கல்லை நகர்த்தச் சொல்லிக் கத்தினார். அதிகாரி அம்மா கைகளை விரித்து மறித்துக்கொண்டார். கட்டை சாய்ந்தால் குட்டியும் போச்சு, கல்லறையும் போச்சு.

எங்கள் மேஸ்திரி என்னைப் பார்த்தார். "அண்ணே, அந்த ஓட்டைக்குள்ள நுழையற உடம்பு உங்களுக்குத்தான் இருக்கு."

"சமாதிக்குள்ளயா? நானா?"

"உள்ள இருக்கறவரு எந்திரிச்சு வந்து கேக்கவா போறாரு? யல்லா, போங்க!"

நாலு பேர் பார்த்தாலே எனக்குக் கை கால் ஓடாது. அன்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அதற்கு உள்ளே போவதே மேல் என்று செருப்பைக் கழற்றிவிட்டு, மதியத்துக்கு வைத்திருந்த ரொட்டியோடு தவழ்ந்தேன். "பா... பா..." என்று மெதுவாகக் கூப்பிட்டேன். அரபு ஆட்டுக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, ரொட்டி புரிந்தது. குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முழங்கைகூடக் கல்லில் படாமல் பின்பக்கமாகவே ஊர்ந்து வந்தேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் நேராகத் தண்ணீர் லாரிக்குப் போனேன். சமாதிக்குப் போய் வந்து தலைக்குக் குளிக்காமல் எப்படிச் சாப்பிடுவது? டிரைவர் குழாயைத் திறந்துவிட்டார். குளிர்காற்றில் நான் நடுங்கியதைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

பெரியவர் காரணம் கேட்டார். மேஸ்திரி அரபியில் விளக்கியதும் அவர் சிரிப்பை நிறுத்தினார். தன் சால்வையை எடுத்து என்மேல் போர்த்தி ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"உள்ள இருக்கறவரு அவங்க பாட்டன் பூட்டனாம், அவரு துக்கத்துக்கு நீங்க குளிச்சிட்டீங்களாம். இனி நீங்க அவங்க வீட்டு ஆளாம்."

வேலி முடியும்வரை ஆடுகள் அந்தப் பக்கம் வராமல் பெரியவரே தடியோடு காவல் இருந்தார். முகம் தெரியாத ஒருவருக்காகத் தலைக்குக் குளித்த அந்த நாளிலிருந்து, அந்தப் பாலைவனம் எனக்கு வெளியூராகத் தெரிவதில்லை.