துண்டுக்கு அடியில் மோட்டார் கை: ஆம்பூரிலிருந்து வேலூருக்கு இரண்டு பயணம்

போன சனிக்கிழமை ஆம்பூர் தோல் மண்டியில் தரகர் பஷீர் பாய் வலது கையால் பேரம் பேசினார். நான்கு வருஷமாக அவருக்கு வலது கை கிடையாது. இப்போது மாட்டியிருப்பது வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்த மோட்டார் கை. அதற்காக அவரோடு நான் இரண்டு முறை வேலூர் போய்வந்தேன். எப்படிப் போனீர்கள், என்ன செலவு என்று கேட்டு நிறைய போன் வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன். கட்டணமெல்லாம் இந்த 2008 நிலவரம்.

பதனிடாத பச்சைத் தோலை வாங்கி விற்பவன் நான். சைக்கிள் கேரியரில் உப்புத் தோல் கட்டி விற்க ஆரம்பித்தவன், இன்று மண்டியில் சொந்தமாக ஒரு கிடங்கு வைத்திருக்கிறேன். எங்கள் மண்டியில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. தரகர் விற்பவன் கையைப் பிடிப்பார், மேலே துண்டு விழும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் எண். அப்புறம் அதே மாதிரி வாங்குபவர் கை. இப்படிப் போய்ப்போய் வந்து விலை படியும், சுற்றி நிற்கிற இருபது பேருக்கு ஒன்றும் தெரியாது. மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இவ்வளவு தெரிந்திருக்கும். ஆறிலிருந்து ஒன்பது வரை எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும் எழுத மாட்டேன். பிழைப்பு இருக்கிறது.

ஒரு தொழிற்சாலையில் சரக்கு பார்க்கப் போன இடத்தில், ஈரத் தோலைப் பிழியும் உருளையில் பாயின் கை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இடது கை இருக்கிறதே என்பீர்கள். இடது கையை நீட்டினால் மண்டியில் ஒருவரும் பிடிக்க மாட்டார்கள், பாயும் நீட்ட மாட்டார். அன்றிலிருந்து மண்டி வாசலில் லாரி பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தக் கையும் உதவவில்லை என்றால் பெங்களூரில் மகள் வீட்டோடு போய் உட்கார்ந்துவிடுவதாக முடிவு. அவரைப் போல விலை வாங்கித் தரும் தரகர் எனக்கு இன்னொருவர் கிடைக்கவில்லை. கூடப் போனதில் என் சுயநலமும் உண்டு, மறைப்பதற்கில்லை.

முதல் பயணம் ஜனவரியில். ஆம்பூர் பஸ் நிலையத்தில் காலை ஏழே காலுக்கு வேலூர் பஸ். ஐம்பது கிலோமீட்டர், தலைக்குப் பத்தொன்பது ரூபாய். நால்வழிச் சாலை வேலை நடப்பதால் பள்ளிகொண்டா வரை தூசி, கைக்குட்டை அவசியம். அளவெடுக்கவும் பழகவும் பாய் தனியாக ஏற்கெனவே பல தடவை போய்வந்திருந்தார். அன்று கை தயார் என்று கூப்பிட்டிருந்தார்கள். மாதனூர் தாண்டும்போது பேச்சுக் கொடுத்தேன்.

"கைய வச்சு இன்னா செய்யணும்னு கேட்டிருப்பாங்களே, இன்னா சொன்ன பாய்?"

"டீ கிளாஸ் பிடிக்கணும், சட்டைக்கு பட்டன் போடணும்னு சொன்னேன்."

"பேரத்தப் பத்தி?"

"சும்மா வா சேகரு. மண்டிக் கணக்க வெளியாளு கிட்ட சொல்லலாமா?"

"ஆக, டீ குடிக்கத்தான் இவ்ளோ பேஜாரு."

முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலூர் புது பஸ் நிலையத்திலிருந்து சத்துவாச்சாரிக்கு ஆட்டோ. எண்பது கேட்டான், நாற்பதுக்கு வந்தான். டாக்டர்களும் இன்ஜினியர்களும் சேர்ந்து நடத்தும் இடம் அது. பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. கையைச் செய்தவர் ஜெசிந்தா என்கிற இன்ஜினியர். காட்பாடிப் பெண், அம்மா நர்ஸாக இருந்தவர். முழங்கைக்குக் கீழே தோலைத் தொடுகிற மாதிரி இரண்டு உலோகப் பொட்டு. பாய் தசையை இறுக்கினால் கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு எகிறுகிறது, கை மூடுகிறது. தளர்த்தி இன்னொரு பக்கம் இறுக்கினால் திறக்கிறது. காகித டம்ளரில் டீ வைத்தார்கள். கசங்காமல், சிந்தாமல் எடுத்தார். பட்டனும் போட்டார். அங்கே படிக்கிற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"ரொம்ப நல்லாருக்கும்மா," என்றார் பாய். தேறாத சரக்கைக் காட்டியவனிடம் மண்டியில் சொல்வாரே, அதே குரல்.

ஜெசிந்தா விடவில்லை. "அங்கிள், மூஞ்சி ஒன்னு சொல்லுது, வாய் ஒன்னு சொல்லுது. என்ன குறைன்னு சொன்னாத்தானே மாத்த முடியும்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சொன்னால் தரகர்கள் காப்பாற்றிய கணக்கு வெளியே போகிறது. சொல்லாவிட்டால் டீ குடிக்கிற கையோடு பெங்களூர். கடைசியில், "இவங்கள எல்லாம் வெளிய அனுப்பும்மா," என்றார். பிள்ளைகள் போனார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"நீயும் போ சேகரு."

"எனக்குத்தான் கணக்கு தெரியுமே பாய்."

"உனக்கு விக்கிறவன் கணக்கு தெரியும். தரகன் கணக்கு வேற. போ."

முப்பது வருஷப் பழக்கம், இருந்தும் வராந்தாவில்தான் நின்றேன்.

கதவு திறந்தபோது பாயின் துண்டு ஜெசிந்தாவின் தோளில் கிடந்தது. அந்தப் பெண் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "சார், இதுக்குத் தனித்தனியா விரல் ஆட்டவே வேணாம். உள்ள எத்தனை விரல் இருக்குன்னு அகலத்த அளந்து நின்னாப் போதும். ஆனா எதிராளி இவர் விரலப் பிடிச்சா இவருக்குத் தெரியணுமே, அதுதான் வேலை. மூணு வாரம் குடுங்க."

"அதுக்கு இந்த உறை ஆவாது," என்றேன். கையின் மேலே ரப்பர் மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். அதற்கு மேல் யானை மிதித்தாலும் உள்ளே தெரியாது. என்னிடம் வாங்கிப் பதனிடுகிறவர்கள் கொடுத்த மாதிரித் தோல் பையில் எப்போதும் இருக்கும், அவர்களுக்கும் நான் ஆர்டர் பிடித்துக் கொடுப்பதுண்டு. கையுறைக்குப் பதனிட்ட ஆட்டுத்தோல் நான்கு ரகம் எடுத்துப் போட்டேன். நான்கையும் கருவியில் வைத்து அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே மெல்லியதை எடுத்துக்கொண்டார் ஜெசிந்தா. மாதிரி இலவசம். அடுத்து செய்யப்போகும் பத்துக் கைகளுக்கான தோலுக்கு அன்றே விலை பேசிவிட்டேன்.

இரண்டாவது பயணம் பிப்ரவரியில், அதே பஸ், அதே கட்டணம். விரல்களின் பக்கவாட்டில் மெல்லிய அழுத்த உணரிகள், மேலே எங்கள் ஊர்த் தோல். எதிராளி எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ, பாயின் மேல்கையில் கட்டிய பட்டை அத்தனை தடவை அதிரும். என்னை எதிரே உட்காரவைத்துத் துண்டைப் போட்டார்கள். கை வந்து என் மூன்று விரலைப் பிடித்தது. பிடித்து முடித்ததும் லேசாக இன்னொரு அழுத்தம், யோசித்துச் சொல்லு என்பது போல. அது பாயின் பழக்கம், வேறு யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. நான் அவருடைய இரண்டு விரலைப் பிடித்தேன்.

"ரெண்டு," என்றார். "கஞ்சன், ரெண்டுக்கு மேல ஏற மாட்டியா?"

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஷூ, கையுறை என்று எங்கள் தோல் எத்தனையோ கைக்கும் காலுக்கும் போயிருக்கிறது. இப்படி ஒரு கைக்குப் போனதை நேரில் பார்த்தது அன்றுதான். வேலூரில் ஒரு பெண் யோசித்தது, ஆம்பூரில் பதனிட்டது, பிடிப்பது எங்கள் பஷீர் பாய். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: முதலில் உங்கள் டாக்டரிடம் சீட்டு வாங்குங்கள், சீட்டில்லாமல் யாரையும் பார்ப்பதில்லை. அங்கே போக என்னிடம் வழி கேட்கலாம், சொல்கிறேன். கை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. காசு வாங்குவதில்லை, மாதம் ஒரு முறை போய்க் காட்ட வேண்டும். பேட்டரி ஐந்து மணி நேரம் தாங்கும், மழையில் நனையக்கூடாது. சாப்பாட்டோடு ஓர் ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், கையை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கௌரவம் பார்த்து டீ குடிக்கணும் என்றால், டீ குடிக்கத்தான் செய்து கொடுப்பார்கள்.

இனி அந்தச் சனிக்கிழமை கதை. சரக்கு என்னுடையது. வாங்க வந்தவர் வாணியம்பாடி ஹாஜியார். கையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"நசுக்கிடாதே பஷீர் மியான்?"

"விலையத்தான் நசுக்கும் ஹாஜியார்."

சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். துண்டு விழுந்தது. உள்ளே மோட்டார் கிர்ரென்று ஓடி நின்றது. பக்கத்தில் நின்ற இன்னொரு தரகர் காதைத் தீட்டிக்கொண்டார். "டேய், சத்தத்தக் கேளுங்கடா. கம்மி விரல்னா மூட நேரமாவும், ஜாஸ்தி விரல்னா சட்டுனு நிக்கும்."

மண்டி மொத்தமும் துண்டுப் பக்கம் காதைத் திருப்பியது. துண்டே வீணாகிவிட்டதே, கேட்கிற விலையைத் தரகரால் மூடிவைக்க முடியாது என்றால் அவரிடம் யார் சரக்கைக் கொடுப்பார்கள்? ஜெசிந்தாவோ நானோ இதை யோசிக்கவில்லை. பாயும் காதில் வாங்கினார். முகம் மாறவில்லை. அடுத்த தடவை துண்டுக்குள் மோட்டார் நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, மறுபடி நீளமாக ஒன்று என்று ஓடியது. எதில் ஹாஜியார் விரல் இருந்தது, எது வெறும் காற்றைப் பிடித்தது என்று அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். என்னிடம் வந்தார், அவரிடம் போனார், மறுபடி வந்தார். கடைசியில் என் விரலைப் பிடித்துவிட்டு அந்தச் சின்ன அழுத்தம். நான் தலையசைத்தேன்.

காதால் எண்ணியவர்கள் நூற்றுப் பதினெட்டு என்று டீக்கடையில் பந்தயம் கட்டினார்களாம். லாரி ஏறிவிட்டது, பணமும் வந்துவிட்டது, இனிமேல் சொன்னால் தப்பில்லை. வெள்ளாட்டுத் தோல் அறுநூறு, ஒன்று நூற்று இருபத்தாறு ரூபாய். ஏற்றுக்கூலி ஹாஜியாருடையது. பாய்க்குத் தரகு தோலுக்கு ஒரு ரூபாய், இரண்டு கை இருந்தபோது வாங்கிய அதே ரேட்.