கரியன் செட்டு கெட்டுப்போன மத்தியானம்

கல்வராயன் மலையில் நொச்சிப்பாடியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் மைக் செட்டு என்றால் கரியன் செட்டுதான். காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சரி, கரியன் வந்து மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி "அலோ, அலோ" என்றால் போதும். அதற்கப்புறம் கரகரக்காது, கொய்ங்கென்று கூவாது. மற்ற செட்டுக்காரர்கள் பூசாரி மைக்கைப் பிடித்ததுமே கூவலை அடக்க விழுந்தடித்து ஓடுவார்கள். கரியன் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சாமியம்மாளைப் பெண் கேட்டுப் போனபோதுகூட, "நெலம் கம்மிதான், ஆனா அவன் செட்டு கூவாது" என்றுதான் தரகன் சொன்னானாம்.

அவருடைய மகன் பகலவன் போட்ட ஆல்பத்தில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கூவல்தான்.

பகலவன் நொச்சிப்பாடியின் முதல் பட்டதாரி. சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இன்ஜினியரிங் முடித்தான். படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்துல் ஜப்பார் பாய் கடையில் உடைந்த செல்போன்களுக்கு டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டிருந்தான். ஊருக்கு வந்தால் எல்லோரும் "இன்ஜினியரே" என்று கூப்பிட்டார்கள். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை.

ஹாஸ்டலில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன் சங்கராபுரத்து அஜித்குமார். அவன் டிரம்ஸ் வாசிப்பான். அவன்தான் ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி இவன் காதில் மாட்டினான். ராக் இசையில் அது ஒரு வகை. ஷூகேஸ் என்று பெயர். கிதார்ச் சத்தத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பனிமூட்டம்போல ஆக்கி, பாடுகிற குரலை அதற்குள் புதைத்துவிடுவார்கள். வாசிக்கிறவர்கள் கூட்டத்தைப் பார்க்காமல், காலடியில் கிடக்கும், சத்தத்தை மாற்றுகிற பெடல்களைக் குனிந்து பார்த்தபடியே நிற்பார்கள். ஷூவையே வெறிப்பவர்கள் என்று அதனால் வந்த பெயர்.

பகலவனுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அவன் சிறுவனாக இருந்தபோது, பள்ளத்துக்கு அந்தப்புறம் இருக்கும் முருக்கம்பட்டுக்கும் நொச்சிப்பாடிக்கும் ஓடைத் தண்ணீரில் தகராறு. கொடுக்கல் வாங்கல், பேச்சு எல்லாம் நின்றிருந்தது. அங்கே திருவிழா நடந்தால் இந்த ஊர்ப் பிள்ளைகள் போகக்கூடாது; மரவள்ளிக் கொல்லையில் உட்கார்ந்து அங்கே ஓடும் பாட்டைக் கேட்கலாம், அவ்வளவுதான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பாட்டு பெருத்து வரும். திரும்பினால் கரைந்துபோகும். சொல் ஒன்றும் விளங்காது. பாடுவது ஆணா பெண்ணா என்றுகூடச் சில நேரம் தெரியாது. போகக்கூடாத இடத்திலிருந்து வந்த அந்தச் சத்தம்தான், எங்கேயோ பிறந்த வெள்ளைக்காரர்கள் வாசித்து, ஹெட்போன் வழியாக அவனிடம் திரும்பி வந்தது.

அதே சத்தத்தில் அவர்கள் எட்டுப் பாட்டு செய்தார்கள். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. சங்கராபுரத்தில் அஜித்குமாரின் மாமாவுக்குச் சொந்தமான கல்யாண மண்டபம் மாதம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. காலி மண்டபம் சத்தத்தை உடனே திருப்பித் தராது. உள்ளே சுற்றவிட்டு நிதானமாகத்தான் விடும். பந்தி நடக்கும் கூடத்தில் கிதாரையும் ஆம்ப்ளியையும் வைத்தார்கள். மணப்பெண் அறையில் நின்று பாடினாள் அபிநயா, கல்லூரியில் கூடப் படித்தவள்.

பதிவு செய்ததைக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "நான் பாடுனதுல ஒரு வார்த்தகூட கேக்கலியேடா."

"கேக்கக் கூடாது."

"அப்ப இன்னாத்துக்கு ராவெல்லாம் முழிச்சி எழுதுனே? லாலாலான்னு பாடிட்டுப் போயிருப்பேன்ல?"

ஆல்பத்துக்கு 'காத்து இந்தப் பக்கம்' என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றினார்கள். கேட்டவர்கள் கொஞ்சம் பேர். போலந்திலிருந்து ஒருவர், தூங்கப்போகும்முன் தினமும் கேட்பதாக எழுதியிருந்தார். பகலவன் மேப்பில் போலந்தைத் தேடிப் பார்த்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தைக் கொண்டுபோய்ச் சொல்ல ஆள் இல்லை. மலையில் கேட்ட சத்தத்தை வைத்துச் செய்ததை மலையில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்பது நாளுக்கு நாள் முள்ளாகக் குத்தியது. கேட்டால் அவர்களுக்குப் பிடிக்குமா? பிடிக்காவிட்டால் அது யார் குறை? படித்ததால் தனக்கு இது கிடைத்ததா, அல்லது படித்ததால்தான் இவர்களுக்கு ஆகாத ஒன்றைச் செய்யக் கற்றுக்கொண்டோமா? கடையில் டிஸ்ப்ளே ஒட்டும்போதெல்லாம் இதே யோசனை. ஒரே ஒரு தடவை, நொச்சிப்பாடி முழுக்கக் கேட்கும்படி, அப்பாவின் குழாயில் அது ஓட வேண்டும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

மறு ஆடியில் மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தபோது கேட்டேவிட்டான். கரியன் அப்போது புளியமரத்தடியில் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ போட்ட பாட்டா? சாமி பாட்டா?"

"இல்லப்பா."

"பசங்க ஆடுற பாட்டா?"

"அதுவும் இல்ல."

"சாமியும் இல்ல, ஆட்டமும் இல்ல. அப்ப அது இன்னா பாட்டுடா?" என்று சிரித்தார். கேலியாகச் சிரித்தாலும் முகம் மலர்ந்துவிட்டது. "சரி, கூழு ஊத்தி முடிச்சி சனம் குந்திக்கினு இருக்கும்ல, அப்பப் போடுறேன். மைக்குல நானே சொல்றேன், இது நம்ம பகலு போட்ட பாட்டுன்னு."

"வேணாம்பா. மொதல்ல கேக்கட்டும். கேட்டு முடிச்சப்புறம் சொல்லுங்க."

பெயரைச் சொல்லிவிட்டுப் போட்டால், கரியன் மகன் என்பதற்காகக் கேட்பார்கள். பெயர் தெரியாமல் கேட்டு, நன்றாயிருக்கிறதே, யார் என்று அவர்களே கேட்க வேண்டும். அந்த ஆசையில்தான் சொன்னான். பிற்பாடு இதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு வாய் கசந்தது.

கூழ் ஊற்றி முடிந்தது. பெண்கள் வேப்பமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆடிக் காற்று பள்ளத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. கரியன் பெண்டிரைவைச் செருகினார்.

ஹெட்போனில் அலைபோல எழும் முதல் பாட்டு, தலைக்கு நேர்மேலே தொங்கிய குழாயிலிருந்து தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல வந்தது. படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. அபிநயாவின் குரல் வரும் இடம் வந்தது, குரல் வரவில்லை.

"யோவ் கரியா, இன்னாய்யா அது, பன்னி மாட்டிக்கிச்சா உள்ள?" என்றார் ஒருவர்.

"கரியன் செட்டுக்கே பேய் புடிச்சிக்கிச்சுடோய்!"

"மாமா, பூசாரியக் கூப்புடு, வேப்பல அடிக்கட்டும்!"

கூட்டம் சிரித்தது. பகலவன் அப்பாவின் பக்கத்தில்தான் நின்றிருந்தான். கரியன் பழக்கத்தில் ஆம்ப்ளியின் திருகைத் தொட்டார், முள் சரியாக ஆடிக்கொண்டிருந்தது, ஒயர்களைத் தொட்டார், எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மகனைத் திரும்பிப் பார்த்தார். இதுதானா, இப்படித்தான் இருக்குமா என்று கேட்கிற பார்வை. பகலவன் மெல்லத் தலையாட்டினான்.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்தார். "கரியா, இன்னா பாட்டுய்யா இது? யாரு குடுத்தது?"

'என் பாட்டுங்க' என்ற சொல் பகலவனின் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் கரியன் மைக்கை எடுத்தார்.

"ஊர் சனங்க மன்னிச்சிக்குங்க. பாட்டுலாம் நல்ல பாட்டுதான். நம்ம ஆம்ப்ளி மக்கர் பண்ணுது. செட்டு கெட்டுப்போச்சுங்க."

பெண்டிரைவைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். திடீரென்று வந்த அமைதியில் யாரோ கைதட்டினார்கள். பகலவன் தலை குனிந்து நின்றான். கோயில் மைதானம்; காலில் பார்க்கச் செருப்புகூட இல்லை.

சாயங்காலம் அம்மன் ஊர்வலம். கெட்டுப்போன செட்டை வைத்து ஊர்வலம் விட முடியுமா? ஊர்க்கவுண்டர் போன் போட்டார். வெயில் சாய்வதற்குள் சங்கராபுரம் விஜயராகவனின் டிஜே வண்டி, ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலையேறி வந்து நின்றது. கரியன் புளியமரத்துக் குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பகலவன் கீழே நின்று கயிற்றைப் பிடித்தான். "அண்ணே, ஆம்ப்ளி ரொம்பப் பழசாயிட்டா இப்பிடித்தான்" என்று விஜயராகவனின் ஆள் ஒருவன் ஆறுதல் சொன்னான். கரியன் "ஆமாம்பா" என்றார்.

மறுநாள் காலை இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு விசாரிக்க வந்தார்கள். கரியன் வாசலில் சாக்கை விரித்து ஆம்ப்ளியைப் பிரித்துப் போட்டிருந்தார். எந்தக் குறையும் இல்லாத ஒரு பாகத்தைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஈயத்தை உருக்கிக் கழற்றி, "இதுதான் போயிடுச்சு" என்று அவர்களிடம் காட்டினார். அவர்களும் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்கள். புதிது ஒன்றை வைத்து ஒட்டினார். ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்த பகலவன் எல்லாவற்றையும் பார்த்தான்.

அவர்கள் போனபிறகு சாமியம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். "ஊரே வூட்டுல வந்து துக்கம் விசாரிக்குது. இந்த ஊருல யாரு வூட்டு ஆம்ப்ளி செத்ததுக்கு இப்பிடி வந்தாங்க?" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள்.

"அப்பா, அது ரிப்பேர் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம் ஏம்பா அப்பிடி சொன்னீங்க?"

கரியன் மூடியை வைத்துத் திருகினார். "செட்டு கெட்டா ஒக்குட்டு சரிபண்ணிக்கலாம்" என்றார்.

தன்னைச் சிரிப்பிலிருந்து காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா? அல்லது படிக்கவைத்த மகன் கடைசியில் செய்தது இதுதான் என்று ஊருக்குத் தெரிவதைவிட, இத்தனை வருஷப் பேர் போனால் போகட்டும் என்று நினைத்தாரா? இரண்டில் எது என்று கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்து பகலவன் கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. கரியன் அவனை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்கு வந்தார். கள்ளக்குறிச்சி பஸ் இன்னும் வரவில்லை. டீக்கடையில் ஊர்க்கவுண்டர் உட்கார்ந்திருந்தார். "வா கரியா. இனிமேட்டு திருவிழாவுக்கு விஜயராகவனையே சொல்லிட்டோம். பசங்களும் ஆசப்படுறானுங்க. நீ தப்பா நெனச்சிக்காத" என்றார். "அதுக்கு இன்னாங்க" என்று கரியன் டீயை வாங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் முருக்கம்பட்டு தைலம்மாள் வந்தாள். ஓடைத் தகராறு தீர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது போக்குவரத்து உண்டு. தலையில் இருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கரியனிடம் வந்தாள்.

"கரியண்ணா, ஒன்னு கேக்கணும்னே இருந்தேன். திருவிழா அன்னிக்கு மத்தியானம் உங்கூரு செட்டுல ஒரு பாட்டு ஓடிச்சே, அது இன்னா பாட்டு?"

கரியன் டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்தார்.

"நாங்க சாமைக் கொல்லையில களை எடுத்துக்கினு இருந்தோம். காத்து எங்க பக்கம். வார்த்த ஒன்னும் வெளங்கல. ஒரு பொண்ணு பாடுறா மாதிரி இருந்துச்சு, அப்பறம் பொண்ணு இல்ல, பனி எறங்குற மாதிரி... எனக்குச் சொல்லத் தெரியல. அப்பிடியே நின்னுட்டேன். கொஞ்ச நேரத்துல நிறுத்திட்டீங்க. எம்மவ போன்ல அத ஏத்திக் குடுக்கணும், பேரு சொல்லுண்ணா."

கரியன் மகனைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் மைக்கை எடுக்கவில்லை. சொல்வதானால் நீயே சொல் என்று விட்டுவிட்டு நின்றார். ஊர்க்கவுண்டரும் காதைத் தீட்டிக்கொண்டு திரும்பினார்.

அவனுடைய ஆல்பத்தை அவனுடைய மலையில் பாட்டாகக் கேட்ட ஒரே ஆள், எதிரே நின்று பேரைக் கேட்கிறாள். பேர் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால், ஊர் முன்னால் மைக்கில் மன்னிப்புக் கேட்ட அப்பா பொய்யர் ஆகிவிடுவார். கவுண்டர் காதுக்கு எட்டியது இன்றைக்கே நொச்சிப்பாடி முழுக்கப் போய்ச் சேரும்.

"அது பாட்டு இல்ல அத்த" என்றான் பகலவன். "ஆம்ப்ளி ரிப்பேரு."

"ரிப்பேரா?"

"ஆமா. ஒரு பார்ட்டு போயிடுச்சு. அப்பா மாத்திட்டாரு."

தைலம்மாளின் முகம் சுருங்கியது. கவுண்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"ஐய, நான் ஒருத்தி! எங்க வூட்டுக்காரரு அப்பவே சொன்னாரு, செட்டு கெட்டுப்போச்சுடி, குனிஞ்சி வேலயப் பாருன்னு. நான்தான் உனக்கு இன்னா தெரியும்னு அவரோட சண்டக்கிப் போனேன். ரெண்டு நாளா பேசல."

மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் வந்தது. பகலவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். கரியன் பையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"காத்து ஜாஸ்தியா இருக்குது" என்றார் கரியன். "ஜன்னலச் சாத்திக்க."

பகலவன் சாத்திக்கொண்டான்.