பழுது வைத்த பெட்டிகள்

கடைசிப் பெட்டியின் மூடியை மகள்தான் திறந்தாள். சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. எதிரே அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கைக்கு அடக்கமான மரப்பெட்டி. உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச், ஒரு சின்ன பல்ப், அவற்றை இணைக்கும் சிவப்பு ஒயர். பார்வைக்கு எல்லாம் ஒழுங்கு. சுவிட்சைப் போட்டால் மட்டும் பல்ப் எரியாது.

"இதுல என்ன பண்ணி வெச்சேன்னு எனக்கே மறந்துபோச்சு" என்றாள் அம்மா.

"நீ வெச்ச பழுத நீயே தேடணும். நல்ல பொழப்பும்மா."

"பேசாம மீட்டர வை, இன்ஜினியர்."

மகள் மருத்துவமனைகளில் ஸ்கேன், ஈசிஜி இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். அம்மாவின் வாயில் 'இன்ஜினியர்' என்பது பாராட்டு அல்ல. குக்கர் கைப்பிடி கழன்றாலும் அதே பெயரில்தான் கூப்பிடுவாள். மகள் மீட்டரின் முனைகளை ஒயரின் இரு கோடியிலும் வைத்தாள். இணைப்பு இருந்தால் கேட்கும் 'பீப்' சத்தம் வரவில்லை. ஒயரை விரலால் நீவிக்கொண்டே போனாள். நடுவில் ஓரிடம் தொளதொளவென்று மடங்கியது. மேலுறையில் ஒரு கீறல் இல்லை. உள்ளே செம்புக்கம்பி முறிந்திருந்தது.

"எப்படிம்மா மேல ஒண்ணும் ஆகாம உள்ள மட்டும் முறிச்ச?"

"ஒரே இடத்துல மடக்கி நிமித்து, மடக்கி நிமித்து. வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள போயிடும்."

சோபாவிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நாளைக்காவது அந்த மேசையில சோறு திங்கலாமா?"

"திங்கலாம், திங்கலாம்" என்றாள் அம்மா. மகள் புது ஒயரை மாட்டினாள். பல்ப் எரிந்தது. அம்மா அதை அணைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிகள் சரியானால் அம்மாவுக்கு விடுதலை. அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

அம்மா எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். அறிவியல், தொழில்நுட்ப ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்த ஆள் வேண்டும், ஒரு வருடம் மட்டும் வந்துவிட்டுப் போங்கள் என்று பயிற்சி மையத்திலிருந்து கேட்டார்கள். ஒரு வருடம்தானே என்று போனாள். அந்த வருடம் முடியவே இல்லை. மகள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலைக்கும் போய்விட்டாள். அம்மா அந்த 'ஒரு வருட'த்திலேயே இருந்தாள்.

அவள் வேலையில் சோடை என்றால் என்றைக்கோ திருப்பி அனுப்பியிருப்பார்கள். கெட்டிக்காரியாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. புரொஜெக்டருக்காக ஜன்னல்களை அடைத்த கூடம் அது. அட்டை ஒட்டிப் பிய்த்த டேப் தடங்கள் சுவர் முழுக்க. மை வற்றிய மார்க்கர்கள். உத்தரவு வந்ததால் வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ எப்போது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொந்த மார்க்கர்களைப் பையில் எடுத்துக்கொண்டு அம்மா உள்ளே போவாள். ஆட்களைக் குழுக்களாகப் பிரிப்பாள். "இப்போ நீங்கல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க" என்பாள். தொப்பை வைத்த பிள்ளைகளும் நரைத்த பிள்ளைகளும் சிரித்தபடி எழுந்து நிற்பார்கள்.

"வீட்டுல மூணு பேர்தானே இருக்கோம்னு நிம்மதியா இருக்கேன்" என்பார் அப்பா. "இன்னும் ஒருத்தர் இருந்தா நம்மளையும் ரெண்டு குழுவா பிரிச்சிருப்பா."

அம்மாவும் சிரிப்பாள். ஆனால் அவளுக்கு உள்ளூர அரித்துக்கொண்டிருந்தது வேறு. ஒருநாள் பாத்திரம் தேய்த்தபடி மகளிடம் சொன்னாள்.

"நான் பள்ளிக்கூடத்துல இருந்தப்போ கிளாஸ்ல ஒரு பொண்ணு சொன்னா, சுவிட்ச ஆஃப் பண்ணா ஒயர்ல இருக்கிற கரண்ட்டெல்லாம் திரும்பி ஓடி பேட்டரிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும்னு. அன்னிக்குப் பூரா பாடம் அதுலயே ஓடுச்சு. இந்த டீச்சருங்க யாரும் அப்படித் தப்பா சொல்லவே மாட்டாங்கடி. பிள்ளைங்க மாதிரி நடிங்கன்னாகூட சரியாத்தான் சொல்றாங்க. சரியா சொல்றவங்ககிட்ட நான் என்னத்த பாடம் எடுக்கிறது?"

அதற்குத்தான் பழுதுப் பெட்டி. பள்ளிகளுக்குத் தருவதற்காக மையத்தில் செய்துவைத்த பெட்டிகளில் சிலவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பழுதை ஒளித்தாள். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வாயே திறக்க மாட்டாள். யாராவது கேள்வி கேட்கும்வரை சும்மா இருப்பாள். முதல் நாள், நரைத்த மீசைக்காரர் ஒருவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேட்டரியைத் திருப்பிப் போட்டு, பல்பை நக்காத குறையாகப் பார்த்தார். டீ வந்தபோது, "நீங்க குடிங்க, நான் இத முடிச்சிட்டு வரேன்" என்றாராம். அந்த வாரம் முழுக்க அம்மா அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். நடிக்காமல் ஒருவர் பிள்ளையாகிவிட்டார் அல்லவா.

ஆனாலும் அது வகுப்பு இல்லை. ஒவ்வொரு கல்வியாண்டின் முடிவிலும் மையத்தின் ஒருங்கிணைப்பாளரின் அறைக்குப் போய், பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்பாள். "உங்கள விட்டா யாரு மேடம்?" என்பார் அவர். ஓய்வு பெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரே ஒரு எட்டாம் வகுப்பு வேண்டும் என்பதுதான் அவள் கேட்டதெல்லாம். கடைசியில் எப்படியோ மனம் இறங்கி, அடுத்த பருவத்தில் பள்ளிக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அது நடந்தது. பழுது வைத்த பெட்டிகளில் அம்மா அடையாளம் எதுவும் போட்டிருக்கவில்லை. போட்டால் ஆசிரியர்கள் பழுதைத் தேடாமல் அடையாளத்தைத் தேடுவார்கள் என்பது அவள் கணக்கு. ஸ்டோர்காரர் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டார். ஒரு பள்ளியில், ஆய்வுக்கு வந்த மேலதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஓர் ஆசிரியை சுவிட்சைப் போட்டிருக்கிறாள். பல்ப் எரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

"நீங்க கட்டின முடிச்சு, நீங்களே அவுத்துட்டுப் போங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர். பெட்டிகள் சாக்குமூட்டையில் திரும்பி வந்தன. எது நல்லது, எது பழுது என்று தெரியாததால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசை பட்டறை ஆனது அப்படித்தான்.

கடைசிப் பெட்டி எரிந்த மறுநாள் அம்மா அவருக்குப் போன் செய்தாள். மகள் பக்கத்திலேயே நின்றாள். ஸ்பீக்கரில் அவர் உற்சாகமாக இருந்தார்.

"மேடம், விஷயம் எங்கயோ போயிடுச்சு. அந்தப் பெட்டியப் பத்தித்தான் எல்லாப் பள்ளியிலயும் பேச்சு. பழுது கண்டுபிடிக்கிற பயிற்சி எங்களுக்கும் வேணும்னு கேக்கறாங்க. மேலயும் ஒத்துக்கிட்டாங்க. பெட்டியெல்லாம் பழையபடி ஆக்கிடுங்களேன்."

"பழையபடின்னா சார்?"

"பழுது வெச்ச மாதிரி."

அம்மா மேசையைப் பார்த்தாள். "நான் பள்ளிக்குப் போறது?"

"இந்த ஒரு சுற்று மட்டும் மேடம்."

"சரி சார்."

போனை வைத்ததும் மகள் கேட்டாள். "முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரலியா?"

"சொல்லப்போறேன்."

"சரி சார்னுதானே என் காதுல விழுந்துச்சு?"

"அது, முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி சொல்றது."

அப்பா சிரித்தார். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. சரிசெய்த ஒயர்களை அம்மா மறுபடி எடுத்து, ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தத் தொடங்கினாள். இம்முறை மகள் உதவிக்கு உட்காரவில்லை.

வழி ஒன்று பிறக்கத்தான் செய்தது. வீட்டுக்கும் மையத்துக்கும் நடுவில் உள்ள ஒரு பள்ளியின் தலைமையாசிரியை, ஒரு காலத்தில் அம்மாவிடம் பயிற்சிக்கு வந்தவர், போன் செய்தார். அவர் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இல்லை. "நானே மேலிடத்துக்கு எழுதிடறேன் டீச்சர். நீங்க நேர்ல வந்து சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டா போதும். உங்க மையத்து சாரால தடுக்க முடியாது. எட்டாம் வகுப்பு உங்களுக்குத்தான்."

அன்று அம்மா பருப்பில் உப்பை இருமுறை போட்டாள்.

புதிய சுற்றுப் பயிற்சி திங்கட்கிழமை தொடங்கியது. செவ்வாய்க்கிழமை காலை மகள் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டாள். வழியில் அந்தப் பள்ளி வாசலைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தாள்.

"இறங்கிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடும்மா. நான் நிக்கறேன்."

"இப்போ போட்டா அவருக்கு இன்னிக்கே தெரிஞ்சுடும். பயிற்சிய நிறுத்திடுவாரு. பாதி கத்துக்கிட்ட டீச்சருங்கள அம்போன்னு விட முடியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடியுது. முடிஞ்ச கையோட வரேன்னு அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

"உன்ன மட்டும் அம்போன்னு விடலாமா?"

"ஹாரன் அடிக்கறான் பாரு. வண்டிய எடு."

வியாழக்கிழமை, டீ முடிந்து ஆசிரியர்கள் கூடத்துக்குத் திரும்பியபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். ஒரு கை பெட்டிமேல். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. அவள் எப்போதும் பேசாமல்தான் தொடங்குவாள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரோ சத்தம் போட்டபோது இன்னொருவர், "ஷ், மேடம் ஆரம்பிச்சுட்டாங்க, கவனிங்க" என்றார். கவனித்தார்கள். ஒரு குழு சார்ட் பேப்பரில் குறிப்பெடுக்கவும் தொடங்கிவிட்டது. கடைசியில் ஓர் இளம் ஆசிரியைதான் எழுந்து போய்த் தொட்டாள். வீட்டுக்கு வந்து மகளிடம் இதைச் சொன்னவளும் அவள்தான். சார்ட்டில் என்ன எழுதினார்கள் என்று மகள் கேட்கவில்லை.

உடனே கவனித்திருந்தாலும் பலன் இருந்திருக்காது என்றார் மருத்துவர். இதயத்தின் மின் துடிப்பு பற்றி அவர் வரைந்து காட்டிய படம் மகளுக்கு மனப்பாடம். அவள் பழுது பார்க்கும் இயந்திரங்கள் காட்டுவதும் அதைத்தான். படம் முடியும்வரை தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை மயானத்தில் எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒருங்கிணைப்பாளர் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எந்தெந்தப் பெட்டியில என்னென்ன பழுதுன்னு மேடம் வீட்டுல ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லல" என்றார் அப்பா. "தேடிக்குங்க."

அவர் போனபிறகு அம்மாவின் போன் அடித்தது. மகள் எடுத்தாள். தலைமையாசிரியை. அவருக்கு இன்னும் தகவல் போயிருக்கவில்லை. பள்ளி விட்டபிறகும் ஆபீஸைப் பூட்டாமல் உட்கார்ந்திருக்கிறாராம்.

"டீச்சர் மையத்துலேர்ந்து கிளம்பிட்டாங்களாம்மா? காத்துக்கிட்டு இருக்கேன்."

மகள் ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றாள். "அம்மா கிளம்பல."